பட்டியில் பதிந்த வலைக்கண்கள்

3 பிப்ரவரி 2025, திங்கள்

பேனாவில் துணி சுற்றி வலது கையால் எழுதுகிறேன். விரல் நடுங்குகிறது. இன்றைக்கு இவ்வளவுதான்.

6 பிப்ரவரி

தினமும் ஏதாவது எழுத வேண்டும் என்று பிலோமினா மேடம் சொல்லியிருக்கிறார். பொன்னேரி ஆஸ்பத்திரியில் என் கைக்குப் பயிற்சி கொடுப்பவர். "என்ன எழுதுறதுன்னு யோசிக்காதீங்க கோதண்டம். சாப்பிட்டது, தூங்குனது, எது வேணா எழுதுங்க. விரல் அசைஞ்சா போதும்" என்றார்.

சரி. காலையில் பழைய சோறு, மடவைக் கருவாடு. மத்தியானம் தூக்கம். படகில் போகாதவனுக்கு வேறு என்ன?

இன்னொரு பயிற்சியும் சொன்னார். காகிதம் கிழிக்க வேண்டுமாம். இடது கையால் பேப்பரைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கொஞ்சம் கொஞ்சமாக. நாற்பத்து மூன்று வயசு ஆம்பிளை உட்கார்ந்து பேப்பர் கிழிக்கிறேன். நல்லா இருக்கு பொழப்பு.

9 பிப்ரவரி

அடிபட்டதை எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் பேனா அங்கேயே சுற்றிச் சுற்றி வருகிறது.

கார்த்திகை மாசம். கடலோடு சேரும் எங்கள் உப்பு ஏரியில் கரைக்குத் திரும்பும்போது, யாரோ விட்ட கிழிந்த வலை எங்கள் படகின் விசிறியில் சுற்றிக்கொண்டது. இன்ஜினை நிறுத்திவிட்டு நான் குனிந்து வலையை உருவிக்கொண்டிருந்தேன். தம்பி பூவரசன் இன்ஜின் பக்கம் நின்றான். நான் எடுத்து முடித்துவிட்டேன் என்று நினைத்து இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்துவிட்டான். வலையோடு என் கையும் சுற்றியது.

சென்னையில் ஆபரேஷன். நரம்பைத் தைத்தார்கள். விரல் ஐந்தும் இருக்கின்றன. மூடத்தான் வரவில்லை.

பூவரசன் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தானாம். உள்ளே வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. தெருமுனையில் நைனாவின் வீட்டில், எங்கள் அப்பா வீட்டில்தான் இருக்கிறான். ஏரிக்குப் போக எங்கள் வாசலைத் தாண்டித்தான் ஆகணும். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகிறான்.

நான் கூப்பிட்டேனா? இல்லை. ஏன் கூப்பிடணும்?

14 பிப்ரவரி

பூவிழிக்கு இன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் பெண்டாட்டி மூன்று வருஷமாக வாழ்த்து அட்டை செய்கிறாள். பிறந்தநாள், கல்யாணம், வளைகாப்பு எதுவானாலும் போனில் ஆர்டர் எடுத்து, காகிதப் பூ வெட்டி, பெயர் எழுதி, போட்டோ ஒட்டி அனுப்புவாள். பூவுக்கும் பெயருக்கும் அடியில் ஒரு தளம் வேண்டும். அதை அவள் பேக்ரவுண்ட் என்கிறாள். அதற்கு மட்டும் பாரிமுனையில் டிசைன் தாள் வாங்கி வருவாள். இன்று அது தீர்ந்துவிட்டது, ஆர்டர் கொடுத்தவர் காத்திருக்கிறார்.

நான் கிழித்துப் போட்ட குவியலைத் துடைப்பத்தால் தள்ள வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கத்திரில வெட்டுனா இந்த ஓரம் வராதுய்யா. பாரு, பஞ்சு மாரி கீது."

அட்டையில் பசை தடவி, துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினாள். மேலே வெள்ளைப் பெயின்ட்டைத் தண்ணீர் விட்டு லேசாக ஒரு கை. எழுத்தெல்லாம் பனிக்குள் போன மாதிரி மங்கிவிட்டது. கிழிந்த ஓரங்கள் மட்டும் மேடு மேடாக நின்றன.

என் கை நேராகக் கிழிக்கத் தெரியாமல் கிழித்தது. அவளுக்கு அது நல்லா இருக்காம்!

23 பிப்ரவரி

இப்போது நானே ஒட்டுகிறேன். அடியில் செய்தித்தாள். அதன் மேல் கசக்கிப் பிரித்த மெல்லிய தாள். கசக்குவது வலது கைதான், அதற்கும் பயிற்சி ஆச்சு. சாமான் வந்த அட்டைப் பெட்டியின் மேல்தாளை ஈரம் பண்ணி உரித்தால் உள்ளே வரிவரியாக இருக்கிறது, அதில் ஒரு துண்டு. வெள்ளை அடித்துக் காயவிட்டு, டீ டிகாஷனைத் துணியால் ஒற்றினால் பள்ளத்தில் மட்டும் பழுப்பு தங்கும். கடைசியாக, பிரஷ்ஷில் பெயின்ட் ஒட்டியும் ஒட்டாமலும் வைத்துக்கொண்டு மேலாக ஓர் இழுப்பு. மேடெல்லாம் நிறம் பிடிக்கும், பள்ளம் பிடிக்காது.

சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை என்று திட்டினாள்.

4 மார்ச்

காய்ந்ததும் அட்டை அப்பளம் மாதிரி சுருண்டுகொள்கிறது. மூன்று நாளாக இதே ரோதனை. பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டினால் இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும் என்று பூவிழி போனில் பார்த்துச் சொன்னாள். ஒட்டி, மேலே அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தோம்.

நிமிர்ந்துவிட்டது.

7 மார்ச்

தருமலிங்கம் வந்தான். ஒரே படகில் வளர்ந்தவன், கேலி செய்ய உரிமை உள்ளவன். "இன்னா கோதண்டம், கூடிய சீக்கிரம் பூ கட்டவும் கத்துக்குவ போல கீதே" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் போன பிறகு வேலையை எல்லாம் வாரிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய்விட்டேன். அங்கே வெளிச்சம் போதவில்லை.

12 மார்ச்

சுவருக்குப் பட்டி பார்த்த மாவில் கொஞ்சம் மீதி இருந்தது. பூவிழி அதில் ஃபெவிகால் கலந்து தயிர்ப் பதத்துக்குக் குழைத்தாள். அட்டையில் வலைத்துண்டை விரித்து, அதன் மேல் பட்டியைத் தடவி, வலையை எடுத்துவிட்டால் கண் கண்ணாக மேடு நிற்குமாம். பரணில் இருந்து பழைய இறால் வலையில் ஒரு முழம் அறுத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

வாங்க முடியவில்லை.

வெறும் நூல். எத்தனை வருஷம் இதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன். கார்த்திகைக்குப் பிறகு தொடவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. 

அவள் வலையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள்.

13 மார்ச்

அவள் தண்ணீருக்குப் போயிருந்தபோது ஜன்னலில் இருந்து எடுத்தேன். விரித்தேன். பட்டி தடவினேன். தூக்கினேன்.

நூல் இருந்த இடமெல்லாம் கோடு கோடாகப் பள்ளம், நடுவில் ஒவ்வொரு கண்ணும் சின்னச் சின்னத் திட்டாக. காலையில் காற்று அடிக்கும்போது ஏரித் தண்ணீர் இப்படித்தான் இருக்கும். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடத்தோடு வந்து நின்று, "யாரு செஞ்சது?" என்றாள். தெரியாத மாதிரி.

20 மார்ச்

பெரிய ஆர்டர். பொன்னேரியில் ஒரு பரிசுப்பொருள் கடைக்கு, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கொடுக்கும் பெயர் அட்டைகள். எல்லாவற்றுக்கும் என் பேக்ரவுண்டுதான் வேண்டுமாம். எனக்கு ஒரு யோசனை வந்தது. பசையில் கரை மணலைக் கலந்து தடவினேன். மேலே நீலம். தொட்டுப் பார்த்தால் சொரசொரவென்று அப்படியே கரைதான். பூவிழி தங்க நிறத்தில் பெயர் எழுதினாள். எங்கள் வேலையில் இதுதான் அழகு என்றாள்.

28 மார்ச்

எல்லாம் போச்சு.

கடையிலிருந்து பஸ்ஸில் மூட்டை திரும்பி வந்தது. பிரித்தால் அட்டை அத்தனையும் வியர்த்துக் கிடக்கிறது. பெயின்ட் கொப்பளித்து, தங்க எழுத்து ஒழுகி, பெயரெல்லாம் அழுத மாதிரி. உப்பு. கரை மணலில் உப்பு இருக்காதா? ஈரக்காற்றுப் பட்டதும் தண்ணியை இழுத்துக்கிச்சு. உப்புத் தண்ணியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியல. கையும் போச்சு, மூளையும் போச்சா?

அவ ராப்பகலா எழுதுன பேரு அத்தனையும்.

அவள் ஒவ்வொரு அட்டையாகத் துடைத்து அடுக்கினாள். திட்டியிருந்தால் தேவலை.

30 மார்ச்

நேற்று காலையில் என் எதிரே மணல் வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். "விழா அடுத்த வாரம்தான். கடைக்காரர்கிட்ட டைம் கேட்டுக்கினேன். மணலை நீ கழுவு, பேரை நான் எழுதறேன்."

"இன்னுமா மணலு?"

"அது நல்லாத்தான் இருந்துது. உப்புதான் நல்லா இல்ல."

குடிதண்ணீரில் மணலைக் கழுவினேன். கழுவிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரித்தால் கொட்டிவிட்டு மறுபடியும். இன்று மத்தியானம்தான் கரிப்பு முழுசாகப் போனது. வெயிலில் பரப்பி, காயவைத்து, சலித்து, பசை கலந்தேன். காய்ந்தபின் மேலே தண்ணீர் விட்ட பசை ஒரு பூச்சு. ஒரு அட்டையை மட்டும் கிணற்றடியில் ஈரத்தில் வைத்துப் பார்த்தோம். வியர்க்கவில்லை.

9 ஏப்ரல்

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எழுதினாலாவது அடங்குதா பார்க்கலாம்.

டீக்கடையில் தருமலிங்கம் போனை நீட்டுகிறான். "கோதண்டம், இது உன் கைதானே?" பார்த்தால் என் கை. தையல் போட்ட தழும்பு, மடங்காத ரெண்டு விரல், எல்லாம் பளிச்சுனு. வலையைப் பட்டியிலேர்ந்து உரிக்கிறேன், எனக்கே தெரியாம பூவிழி பின்னாடி நின்னு வீடியோ எடுத்திருக்கா. ஊர் உலகமெல்லாம் பார்க்கப் போட்டிருக்கா.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "இன்னா, நொண்டிக் கைய காட்டி யாவாரம் பண்றியா?"

அவளும் விடவில்லை. "அந்தக் கைய ஏன்யா ஒளிச்சி வைக்கிற? அது இன்னா திருடுன கையா?"

அப்புறம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

11 ஏப்ரல்

அந்தப் படத்தின் கீழே ஜனங்கள் எழுதியிருப்பதை அவளே படித்துக் காட்டினாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். பட்டியில் என்ன கலக்கிறீர்கள் என்று ஒருத்தர். எவ்வளவு நேரம் காய வைக்கணும் என்று ஒருத்தர். மதுரையில் ஆல்பம் செய்யும் ஒரு பெண், அட்டை வேண்டாம், வெறும் பேக்ரவுண்ட் தாள் மட்டும் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள்.

"கையப் பத்தி யாரும் எழுதலியா?"

"ஒருத்தர் எழுதினுகீறார். 'அண்ணன் கைக்கு என்ன ஆச்சு, சீக்கிரம் சரியாகட்டும்'னு."

"இன்னா பதில் போட்ட?"

"நீயே போடு."

போனை வாங்கி ஒரு விரலால் எழுதினேன். ஏரியில் அடிபட்டது, தேறி வருகிறது என்று. தேறி வருகிறதா? எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

22 ஏப்ரல்

பிலோமினா மேடம் கையில் ஒரு ரப்பர் உருண்டையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். முன்பைவிட நன்றாகவே அழுந்தியது. சந்தோஷமாகக் கேட்டேன், மழைக்காலத்துக்குள் கழி ஊன்றிப் படகு தள்ள முடியுமா என்று.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்பவே தெரிந்துவிட்டது.

"பேனா பிடிப்பீங்க, தட்டு பிடிப்பீங்க, பிரஷ் பிடிப்பீங்க. கழி, வலைக்கயிறு… கனமா இழுக்கிறது எதுவும் வேணாம் கோதண்டம். தைச்ச நரம்பு தாங்காது. பொய் சொல்லி அனுப்ப எனக்கு மனசு இல்ல."

பஸ்ஸில் திருப்பாலைவனம் தாண்டும்வரை ஒன்றும் தோன்றவில்லை. வயல் முடிந்து உப்புக்காற்று முகத்தில் பட்டதும் அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். அழும் குழந்தைக்குக் கொடுப்பதுபோல. வாங்கித் தின்றேன்.

23 ஏப்ரல்

ஒன்றும் இல்லை.

27 ஏப்ரல்

மதுரைப் பெண்ணுக்குத் தாள் அனுப்பணும். எழுந்து உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த கட்டுத்துணியில் பிரிக்காத சுருள் ஒன்று இருந்தது. அதைப் பிரித்து, இழையை இங்கே இழுத்து அங்கே அவிழ்த்து, தாளில் ஒட்டிப் பச்சையும் சாம்பலும் அடித்தேன். ஏரியடியில் பாசி கிடக்கிற மாதிரி வந்தது.

பூவிழி பின்னால் நின்று பார்த்தாள். "இதை வீடியோ எடுக்கட்டா?" என்று கேட்டாள். முதல் தடவையாகக் கேட்டாள்.

எடு என்றேன்.

14 மே

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

பூவிழி தங்கைக்குப் பிரசவம் என்று போயிருக்கிறாள். ஆல்பம் அட்டைக்காகச் சார்ட் அளவில் பெரிய தாள்கள் கேட்டிருந்தார்கள். தரையில் ஒரு தாளை விரித்து, வலையைப் போட்டு, பட்டி முழுக்கத் தடவிவிட்டேன். தடவின பிறகுதான் புத்தி வந்தது. இவ்வளவு பெரிய வலையை ஒற்றை ஆளாக எப்படித் தூக்குவது? ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் இழுபட்டு எல்லாம் அழிந்துவிடும். விட்டால் காய்ந்து வலை உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். வெயில் வேறு கொளுத்துகிறது. தருமலிங்கம் ஏரியில்.

வாசலுக்கு ஓடினேன். பூவரசன் போய்க்கொண்டிருந்தான், அதே தொங்கின தலை.

"டேய் பூவரசா!"

நின்றான். ஆறு மாசமாக நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"கையக் கழுவிட்டு உள்ள வா. சீக்கிரம், காஞ்சிடும்."

என்ன காயும், எது காயும் என்று ஒன்றும் கேட்கவில்லை. வந்தான். எதிரே மண்டி போட்டு உட்கார்ந்தான். 

"அந்த ரெண்டு மூலையப் புடி. நேரா மேல தூக்கணும். இழுத்துடாத."

"எப்பண்ணா தூக்கணும்?"

"நான் சொல்றப்ப."

சொன்னதும் இரண்டு பேரும் அப்படியே நின்றுபோனோம். அன்றைக்கு இது நடக்கவில்லை. அவன் 'ஆச்சா' என்று கேட்கவில்லை. நானும் 'இரு' என்று சொல்லவில்லை. அவன்தான் கேட்கவில்லை என்று மட்டும் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆச்சாண்ணா?" என்றான் பூவரசன்.

"ஆச்சு. தூக்கு."

வலை ஒரே சீராக மேலே வந்தது. ஒரு கண்கூட அழியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அது சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் வலையை விடாமலே அழ ஆரம்பித்தான். "கேக்காம இழுத்துட்டேண்ணா. தூங்கப் போனா அந்தச் சத்தம்தாண்ணா கேக்குது."

 பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, பரவாயில்லாத விஷயம் அது. "எனக்கும் கேக்குதுடா" என்றேன். அதற்கு அவன் இன்னும் அழுதான். நானும்தான்.

அப்புறம், "இன்னும் மூணு தாள் கீது. இருந்து தூக்கிட்டுப் போ" என்றேன்.

இருந்தான். சோறும் சாப்பிட்டான். உப்பு போடாத குழம்பு. சொல்லாமல் சாப்பிட்டான்.

15 மே

இன்றும் வந்தான். கூப்பிடாமலே.

29 ஜூன்

ஊர்க் கூட்டம். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறாலுக்கு வலை கட்ட ஊரில் குடும்பத்துக்கு ஒரு முறை என்று வரும், அதைப் பாடு என்போம். எங்கள் குடும்பத்தின் பாடு வரும்போது நைனாவுக்குப் பிறகு நான்தான் இறங்கினேன். இந்த வருஷம் யார் இறங்குவது என்று கேட்டார்கள்.

சொல்லிவிடலாம் என்று போனவன்தான், ஆனாலும் எழுந்து நிற்கவே நேரமாயிற்று. இருபது வருஷத்துக்கு மேல் இறங்கின தண்ணீர். தருமலிங்கம் என் முதுகில் கை வைத்தான், கேலி இல்லை.

"பூவரசன் இறங்குவான்" என்றேன்.

எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். இப்போதெல்லாம் தலை நிமிர்ந்துதான் இருக்கிறது.

பூவிழியோடு திரும்பினேன். வீட்டுக்கு வந்ததும், பின்பக்கத்தில் கிடந்த என் பலகையையும் பெயின்ட் டப்பாக்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வாசல் பக்கம் வைத்தாள். தெருவே பார்க்கிற இடம்.

"இங்கதான் வெளிச்சம்" என்றாள்.

3 ஆகஸ்ட்

தருமலிங்கம் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அழைப்பு அட்டை என் கையாலேயே வேண்டுமாம். "அந்த மணல் போட்ட டிசைனு, ஆனா வேர்க்காம" என்றான். அவன் வாய்க்குப் பூட்டு போட முடியாது.

பிலோமினா மேடத்துக்கும் ஒரு தாள் கொடுத்தேன். கட்டுத்துணியைக் கண்டுபிடித்துவிட்டார். "இது எங்க ஆஸ்பத்திரி துணியாச்சே!" என்று ரொம்ப நேரம் சிரித்தார்.

21 செப்டம்பர், ஞாயிறு

இன்று எங்கள் பாடு. பூவரசன் விடியும் முன்பே தருமலிங்கத்தோடு போய்விட்டான். நான் வாசலில் பட்டி குழைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறியதும் படகு கரைக்கு வந்த சத்தம். பூவரசன் கூடைகளைக் கரையிலேயே விட்டுவிட்டு, சொட்டச் சொட்ட நேரே வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பழைய மரத்துண்டு. ஏதோ வள்ளத்தின் அடிப்பலகையாக இருந்திருக்கும். புழு அரித்து, சிப்பி ஒட்டி, குழி குழியாக இருந்தது.

"வலையில வந்துதுண்ணா. இத்த ஒத்துனா எப்டி வரும்?"

"நல்ல தண்ணில கழுவிட்டு குடு" என்றேன். கழுவிக் கொடுத்தான். ஈரப் பட்டியில் வைத்து மெதுவாக அழுத்தி எடுத்தேன். சின்னச் சின்ன வட்டங்கள், நடுவில் புழு போன தடம், ஆறு கிளை பிரிகிற மாதிரி. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். நீலம் அடிக்கலாம் என்றான் அவன். பழுப்புதான் எடுப்பாக இருக்கும் என்றேன் நான். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை என்று ஒற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை.

பூவிழி உள்ளேயிருந்து வந்துதான் கேட்டாள், வலையில் இறால் எப்படி என்று.